தோகேயிலிருந்து முரளிக்கு

அன்புள்ள முரளிக்கு,

"சந்நியாசம் வாங்கிக்கொண்டீர்களா அம்மா?" என்று கேட்டிருந்தாய், உன் அத்தை கிளப்பிவிட்ட சந்தேகமாகத்தான் இருக்கும். இல்லை. நம்மிடத்தில் துறவு என்றால் வீட்டைவிட்டுப் போவது. திரும்பி வந்தால் அது துறவே அன்று. இங்கே ஜப்பானில் யமபுஷிகள் எனப்படும் மலைநோன்பிகளோ திரும்பி வருவதற்காகவே மலைக்குள் போகிறவர்கள். ஹகுரோ மலையடிவாரத்துத் தோகே ஊரில் எடோ காலத்தில், அதாவது பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, முன்னூறுக்கும் மேற்பட்ட யாத்திரிகர் விடுதிகள் இருந்தன; அவற்றை நடத்தியவர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்த யமபுஷிகள். இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சந்தான். அவற்றுள் ஒன்றின் சமையற்கட்டில்தான் உன் அம்மா எள் தோஃபு கிண்டுகிறாள்.

ஆகஸ்ட் கடைசியில் அகினோமினே என்னும் இலையுதிர்கால மலைநோன்புக்குப் போய்வந்தேன். 1868-ல் மெய்ஜி அரசு புத்தத்தையும் ஷிந்தோவையும் பிரித்து, 1872-ல் இரண்டும் கலந்த யமபுஷிகளின் ஷுகெந்தோ நெறியையே தடைசெய்ததன் விளைவாக, ஒரே நோன்பை ஷிந்தோ ஆலயமும் புத்தக் கோவிலும் இன்று தனித்தனியே நடத்துகின்றன. ஆலயத்தார் நோன்பில் ஆண்களுக்கு மட்டுமே இடம். ஆகையால் நான் கோவிலார் பக்கம் சேர்ந்தேன்.

பிணத்துக்கு உடுத்தும் வெள்ளை உடையில் புறப்பட வேண்டும், ஏனெனில் போகிறவர் இறந்தவர். வழிநடத்தும் குரு ஒரு கழியை வீசிச் சாய்ப்பார்; அது கருத்தரிப்பு. அதன் பின் மலையே கருப்பை, நாங்கள் உள்ளே வளரும் சிசுக்கள். உன்னைப் பத்து மாதம் சுமந்தவளுக்கு இவர்கள் கருவைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று முதல் நாள் சற்று இளக்காரமாகவே உட்கார்ந்திருந்தேன். அன்றிரவே கதவுகளை அடைத்து, மிளகாயும் தவிடும் நெருப்பில் போட்டுப் புகை மூட்டினார்கள். பாட்டி நமக்குத் திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் மிளகாய் நினைவிருக்கிறதா? நெடி வராவிட்டால் கண்ணேறு என்பாள். இங்கே நெடிக்குக் குறைவில்லை. இருமி இருமி என் இளக்காரம் போய்விட்டது.

அங்கே எதைச் சொன்னாலும் "உகெதாமோ", அதாவது "ஏற்றேன்", என்பது ஒன்றே பதில். எழு என்றால் உகெதாமோ, மழையில் நட என்றாலும் அதுவே. வீட்டில் நாற்பது வருடம் எல்லாவற்றையும் முடிவுசெய்தவள் நான். உன் அப்பாவின் கடைசி மாதங்களில் எந்த மருத்துவர், எந்த ஊசி என்பது வரை. முடிவெடுக்காமல் ஒருத்தி சில நாள் சுமக்கப்படலாம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. நான் ஓடிவந்தேன் என்று நீ நினைப்பதற்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல முடிகிறது.

இங்குள்ள இன்னொரு புனித மலையான யுதோனோவில் கண்டதைப் பேசக்கூடாது, கேட்கவும் கூடாது என்பது பழைய விதி. ஆகவே நீயும் கேட்காதே. செருப்பில்லாமல் நடந்தேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இத்தனை குளிர்காலம் கழிந்தும் இவ்வூருக்கு நான் வெளிநாட்டுக்காரிதான். பனி தள்ளும் முறை மட்டும் எனக்கும் தவறாமல் வருகிறது.

கடைசி நாளில் குந்தி உட்கார்ந்து, பிறந்த குழந்தையைப் போல் கத்திக்கொண்டு எழுந்து ஓடி இறங்க வேண்டும். நீ பிறந்தபோது உடனே அழவில்லை. செவிலி முதுகில் தட்டும் வரை நான் மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். மலையிலிருந்து இறங்கிய அன்று என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எனக்கே அதுதான் நினைவுக்கு வந்தது.

ஜூலையில் கஸ்ஸான் மலையில் பாதை திறப்பார்கள். 1984 மீட்டர், உன் முழங்கால் தாங்கும். ஹகுரோவின் 2446 படிகளை முதல் நாள் ஏறிப் பழகிக்கொள்ளலாம். வரும்போது கட்டிப் பெருங்காயம் ஒரு டப்பா எடுத்துவா.

அன்புடன்,
அம்மா