ஐம்பது நிமிடப் படத்துக்கும் திரை கொடுங்கள்

திரைப்பட விழாக்களின் தேர்வுக் குழுவினருக்கும், ஓடிடி தளங்களுக்குப் படம் வாங்குவோருக்கும்,

வணக்கம்.

கையில் காசில்லாமல் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவு நகைச்சுவைப் படங்களைத் தேடிப் பார்க்கிற ரசிகன் நான். இந்த வகைப் படங்களின் குறை என்றதும் அட்டை செட்டையும் மலிவான கிராஃபிக்ஸையும்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு அவை குறையாகவே தெரியவில்லை. இந்தப் படங்களைக் கெடுப்பது இழுவை. படம் குறைந்தது இத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்ற உங்கள் நேர விதிகளும் அதற்கு ஒரு காரணம் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1974-இல் வெளியான 'டார்க் ஸ்டார்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் கார்பென்டரும் டான் ஓபேனனும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோது 16 மி.மீ. ஃபிலிமில் தொடங்கிய படம் அது. முடிந்தபோது செலவு சுமார் 60,000 டாலர். கார்பென்டர் இயக்கி, இசையும் அமைத்தார். அவரோடு சேர்ந்து எழுதிய ஓபேனன் நடிப்பு, எடிட்டிங் என்று பல வேலைகளைத் தலையில் போட்டுக்கொண்டார். விண்கலத்தில் வளரும் வேற்றுக்கிரகப் பிராணிக்கு இவர்கள் எடுத்தது கடற்கரையில் விளையாடும் ஒரு பந்து. அதற்குக் கீழே இரண்டு பாதங்கள். பந்து என்பதை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. அந்தத் துணிச்சலுக்குத்தான் சிரிக்கிறோம். தத்ரூபமான பிராணியைச் செய்து வைத்திருந்தால் அந்தச் சிரிப்பே வந்திருக்காது.

அதைவிட எனக்குப் பிடித்தது வெடிகுண்டுக் காட்சி. கலத்தைவிட்டுக் கழல மறுத்து, குறித்த நேரத்தில் வெடித்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறது ஒரு பேசும் குண்டு. வீரர் ஒருவர் விண்வெளி உடையில் வெளியே போய் அதனிடம் தத்துவம் பேசுகிறார். நீ இருக்கிறாய் என்று உனக்கு எப்படித் தெரியும், உன் உணர்கருவிகள் சொல்வது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார். குண்டு யோசிக்கப் போய்விடுகிறது. யோசித்து யோசித்து, தான் ஒன்றுதான் மெய் என்ற முடிவுக்கு வந்து வெடிக்கிறது. அதன் தர்க்கத்தில் பிசகு கண்டுபிடிக்க முடியாததால் சிரித்துக்கொண்டே நடுங்குகிறோம். இத்தனைக்கும் திரையில் இருப்பது ஒரு பொம்மைக் குண்டும் இரண்டு குரல்களும்தான். எழுத்து நன்றாக இருந்தால் இந்த வகைக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் படம் 83 நிமிடம் ஓடுகிறது. திரையரங்குக்குப் போக வேண்டும் என்பதற்காகக் கூடுதல் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். மாணவர் படமாக இருந்தபோது அதன் நீளம் அவ்வளவு இல்லை. பந்தைத் துரத்தும் காட்சி, சிரிப்பு ஓய்ந்த பிறகும் நீள்கிறது. வீரர்களின் அலுப்பைக் காட்ட வந்த இடங்களில் பார்ப்பவருக்கே அலுப்புத் தட்டுகிறது. பின்னாளில் சில காட்சிகளை வெட்டிய சுருக்கமான பதிப்பு ஒன்றும் வெளிவந்தது.

மாறாக, ஜப்பானிய நாடகக் குழுவான யூரோப்பா கிகாகு 2020-இல் தந்த 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்' படத்தைப் பாருங்கள். ஒரு காபிக்கடை, அதன் மாடியில் ஓர் அறை, இரண்டு நிமிடம் கழித்து நடக்கப்போவதைக் காட்டும் ஒரு திரை. ஒரே ஷாட் போலத் தெரியும்படி கைபேசியில் எடுத்திருக்கிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு 70 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தியிருந்தால் அந்த வேகம் செத்திருக்கும்.

ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம், தாண்டினால் முழுநீளப் படம். ஆனால் பல விழாக்கள் 60, 70 நிமிடத்துக்குக் குறைந்ததை முழுநீளமாகச் சேர்ப்பதில்லை. குறும்படப் பிரிவிலும் அதற்கு இடமில்லை. ஒரே ஒரு நல்ல கற்பனையில் நிற்கும் நகைச்சுவை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. அப்புறம் இயக்குநர் என்ன செய்வார்? தேவையில்லாத காதல் கிளைக்கதை ஒன்றை ஒட்டுவார். அல்லது படத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்.

விழாக் குழுவினரே, 40 முதல் 70 நிமிடப் படங்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்குங்கள். ஐம்பது நிமிடப் படங்கள் இரண்டை ஒரே காட்சியாகத் திரையிடலாம். ஓடிடி நண்பர்களே, உங்களுக்கு அரங்கக் காட்சி நேரம் என்ற கட்டாயமும் கிடையாது. உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும் குறைந்தபட்ச நேரம் என்ற வரியை நீக்கிவிடுங்கள். விலையை நிமிடக் கணக்கில் பேசாதீர்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்