பைலட்டுக்கும் சர்வேக்கும் நடுவே நாள் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வு மாணவர்களுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழு ஆய்வுக்கு முன் சிறிய அளவில் ஒரு முன்னோட்டம், அதாவது பைலட், நடத்திப் பார்க்க வேண்டும் என்று அதில் சொன்னது சரி. ஆனால் கூடவே போட்டிருந்த மாதிரி கால அட்டவணையில், பைலட் முடிகிற வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே முழு ஆய்வு தொடங்கிவிடுகிறது. பைலட்டில் ஏதாவது கோளாறு தெரிந்தால் எப்போது திருத்துவது? மும்பையில் பல வருடம் சர்வே வேலையில் கள மேற்பார்வையாளராக இருந்தவள் நான். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தாராவியில் நடந்த ஒரு சுகாதார ஆய்வைச் சொல்கிறேன். கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே "எந்த வருடத்திலிருந்து இங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று இருந்தது. எழுதியவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. தாராவிக்காரர்களுக்கு அப்படியல்ல. குடிசைப் பகுதி மறுவாழ்வில் இலவச வீடு வேண்டுமென்றால் 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள குழந்தைக்கும் தெரியும். ஆகவே பைலட்டில் கதவைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் தொண்ணூறுகளில் வந்தவர்களாகவே இருந்தார்கள்! இருபது வயது தாண்டாத மருமகளிடம் கேட்டால், உள்ளேயிருந்து மாமியார் "தொண்ணூத்தெட்டுன்னு சொல்லு" என்று குரல் கொடுக்கிறார். சம்மதப் படிவத்தை நீட்டினாலோ, "எதுக்கும்மா கையெழுத்து? வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்களா?" என்று கதவு பாதி சாத்திக்கொள்ளும்.

அந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினோம். வருடத்தைக் கேட்காமல், மூத்த பிள்ளை பிறந்தபோது எங்கே இருந்தீர்கள், எந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள் என்று சுற்றி வந்து கேட்டோம். கையெழுத்துக்குப் பதிலாக, படிவத்தைப் படித்துக் காட்டி, வாய்மொழிச் சம்மதம் வாங்கி, ஒரு சாட்சியை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இப்படி ஆய்வுத் திட்டத்தை மாற்றினால், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தக் குழு நாம் கூப்பிட்டவுடன் கூடிவிடாது. அடுத்த திங்கட்கிழமைக்குள் இதெல்லாம் எங்கே நடக்கும்?

இன்னொன்று, குடும்பம் எது என்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ளபடி, ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம் என்றுதான் எங்கள் படிவத்திலும் வைத்திருந்தார்கள். ஆனால் ஏணி ஏறி மேல்தளத்துக்குப் போனால் தையல் பட்டறை, தோல் பட்டறை. அங்கே வேலை செய்யும் பையன்கள் இரவில் மெஷின் காலடியிலேயே படுத்துக்கொள்வார்கள். சாப்பாடு கானாவளி என்கிற சாப்பாட்டுக் கடையிலிருந்து டப்பாவில் வரும். எந்தச் சமையலறையிலும் அவர்கள் சேர்த்தியில்லை, படிவத்தில் அவர்களுக்குக் கட்டமும் இல்லை. நாள் முழுக்கத் தூசியையும் பசை நெடியையும் சுவாசிக்கிறவர்களை விட்டுவிட்டு என்ன சுகாதார ஆய்வு? பட்டறைகளைத் தனியாகப் பட்டியல் எடுக்க வேண்டும் என்பது பைலட்டில்தான் தெரிந்தது. யார் யாரைக் கேட்பது என்ற சாம்பிளையே திரும்பப் போட வேண்டியதாயிற்று. குழாயில் தண்ணீர் வரும் காலை நேரத்தில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதற்கெல்லாம் பைலட் வேண்டாம், உள்ளூர்க்காரரைக் கேட்டாலே போதும்.

கட்டுரையில் நான் ஒத்துக்கொள்ள முடியாத ஒரு வரியும் உண்டு. முழு ஆய்வின் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு முன்னோட்டம் ஒரு தடயம் தரும் என்கிறார் கட்டுரையாளர். 20 பேரைப் பார்த்து 2 பேருக்கு ஒரு நோய் இருந்தால் 10 சதவீதம் என்று எழுதத் தோன்றும்தான். ஆனால் அந்தச் சிறு கணக்கை வைத்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மை அளவு 1 முதல் 32 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. அதைத் தடயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை பேர் போதும் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒப்பிடும் குழு ஒன்றுக்கு 12 பேர் என்று 2005-இல் ஜூலியஸ் என்ற புள்ளியியலாளர் சொன்னதையும், மொத்தம் 30 என்பதையும் மேற்கோள் காட்டுவார்கள். ஓர் அளவீடு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிட அவை உதவும். நூற்றில் 5 வீட்டில் மட்டும் தலைகாட்டும் சிக்கலைப் பிடிக்க உதவாது. 30 வீடு போனால் அது ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போக ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 59 வீடு ஏற வேண்டும்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே பாருங்கள். வீட்டுப் பட்டியல் எடுப்பதற்கான முன்சோதனை 2025 நவம்பர் 10 முதல் 30 வரை நடந்தது. பட்டியல் எடுக்கும் வேலைக்கு அறிவித்த காலம் 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. நடுவில் நான்கு மாதம் இருக்கிறது. முன்னோட்டச் சோதனைகளை எழுதி வெளியிடுவதற்காக 2016-இல் வந்த கன்சார்ட் வழிகாட்டுதலும், எந்த நிலை வந்தால் மேலே போவது, எதை மாற்றுவது என்று முன்பே தீர்மானித்திருந்தால் அதையும் எழுதச் சொல்கிறது. அது மருத்துவப் பரிசோதனைகளுக்கானது என்றாலும் மற்ற மாணவர்களும் பின்பற்றலாம்.

அடுத்து இதைப் பற்றி எழுதும்போது, பைலட்டுக்கு யார் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பல மாணவர்கள் வளாகத்திலேயே நண்பர்களை உட்கார வைத்துப் பைலட்டை முடித்துவிடுகிறார்கள். பிறகு தாராவிக்கும் ஆன்டாப் ஹில்லுக்கும் அலைவது கூலிக்கு அமர்த்திய பெண்கள். அந்தப் பெண்கள்தான் பைலட்டுக்கும் போக வேண்டும். மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து படிவத்தைக் கேள்வி கேள்வியாகப் பேசவும் வேண்டும். அந்த நாளுக்கான கூலியைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடலாம். படிவத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசினால் எந்தக் கேள்வி இடறுகிறது என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கள மேற்பார்வையாளர்,
சயான் கோலிவாடா, மும்பை