கோர்தோபாவுக்கு இரண்டு இரவுகள்

அன்புள்ள யூசுப்,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த பயணத் திட்டமும் கிடைத்தன. உம்மாவையும் அழைத்து வருகிறாய் என்பதைப் படித்ததிலிருந்து மனம் நிறைந்திருக்கிறது. நாங்கள் அனைவரும் நலம். பாத்திமாவின் பணி உயர்வுக்கு என் வாழ்த்துகளைச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பெயினில் செவிலுக்கு மூன்று நாள், கிரனடாவுக்கு மூன்று நாள் என்று தாராளமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் எங்கள் ஊரான கோர்தோபாவுக்கு மட்டும் "காலை பத்து முதல் மாலை மூன்று வரை" என்று எழுதியிருக்கிறாயே, இது உனக்கே நியாயமாகப் படுகிறதா?

1992 இல் மத்ரித்துக்கும் செவிலுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊருக்கு நேர்ந்த கதி இதுதான். செவிலிலிருந்து முக்கால் மணி நேரம், மத்ரித்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், வருபவர்களில் பலர் காலையில் இறங்கி, இன்று பேராலயமாக இருக்கும் பழைய பெரிய பள்ளிவாசலைச் சுற்றிப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுகிறார்கள். நீ எழுதியிருக்கும் அந்த ஐந்து மணி நேரம்தான் யூதர் தெருவில் ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாத நேரம். கூட்டம் கிளம்பிய பிறகு ரோமானியப் பாலத்தில் நின்று குவாதல்கிவிர் ஆற்றையும் எதிரே மதில்களையும் பார்ப்பதற்கு உன் திட்டத்தில் இடமே இல்லை. ஆகவே கிரனடாவில் ஒரு நாளையும் செவிலில் ஒரு நாளையும் குறைத்து, இங்கே இரண்டு இரவு தங்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

தங்கினால்தான் காலை எட்டரை மணிக்குப் பள்ளிவாசலுக்குள் போக முடியும். திங்கள் முதல் சனி வரை அந்த ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது. வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கும் அனுமதியில்லை. உள்ளே எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பெரும்பாலானோர் நுழைந்ததும், தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைத் தேடி ஓடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. ஆரஞ்சு மர முற்றத்தைக் கடந்து நுழையும் பகுதி, தமஸ்கஸிலிருந்து ஆண்ட தன் உமையா குடும்பம் கொல்லப்பட்டபின் உயிர் தப்பி வந்து, 756 இல் இங்கே அரசு அமைத்த முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் கட்டத் தொடங்கியது. அங்கேயே நின்று தூண்களின் அடியைப் பார். ரோமானியர், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்துகள் காலத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த தூண்கள் என்பதால் ஒன்றுபோல் ஒன்று இராது. நெட்டையானதைத் தரைக்குள் இறக்கியும், குட்டையானதற்கு அடியில் கல் கொடுத்தும் சமன் செய்திருக்கிறார்கள். அப்படியும் கூரைக்கு உயரம் போதாததால், தூணின் மேல் தூண் வைத்ததுபோல் எழுப்பி, கீழ் வளைவு தூண்களைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, மேல் வளைவு கூரையைத் தாங்கும்படி இரண்டடுக்கு வளைவுகளை அமைத்தார்கள். சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி வரும் அந்த வளைவுகள் அழகுக்காக மட்டும் பிறந்தவையல்ல.

அங்கிருந்து தெற்கே நடந்தால் இரண்டாம் அப்துர் ரஹ்மான் கூட்டிய பகுதி. அதையும் தாண்டினால் 962 இல் இரண்டாம் ஹகம் தொடங்கிய பகுதி. இங்கே வரும்போது கண்ணுக்குப் பழையதும் புதியதும் பிரிந்து தெரியும். தூண்கள் இதற்கென்றே செதுக்கப்பட்டவை. ஒன்று இளஞ்சிவப்பு, அடுத்தது கருநீலம் என்று வரிசையாக நிற்கும். அதன் முடிவில்தான் மிஹ்ராப். அதன் பொன்னிறப் பதிகற்கள் கான்ஸ்டான்டினோப்பிளின் கிறிஸ்தவப் பேரரசர் அனுப்பிவைத்தவை. பிறகு 987 இல் தலைமை அமைச்சர் மன்சூர் கிழக்குப் பக்கமாக விரித்தார். தெற்கே ஆறு நெருங்கிவிட்டதால் வேறு வழியில்லை. அதனால்தான் மிஹ்ராப் இன்று நடுவில் இல்லை. அந்தப் பகுதியில் செங்கல் கிடையாது, எல்லாம் கல்லின் மேல் பூசிய சிவப்பு வண்ணம். ஆனால் அங்கேதான் எனக்கு மிகப் பிடித்த ஒன்று இருக்கிறது. கல் தச்சர்கள் தங்கள் பெயர்களை அரபு எழுத்தில் தூண்களில் கீறி வைத்திருக்கிறார்கள். விரல் நுனியளவு எழுத்துதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கூலிக்கு உழைத்தவரின் கையெழுத்து. உன் உப்பாவும் கட்டட வேலை செய்தவர் என்பதால், அதை நீ பார்க்காமல் போகக் கூடாது.

அதன்பிறகு நடுவில் எழுந்து நிற்கும் பேராலயத்தைப் பார்க்கலாம். 1236 இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ நகரைப் பிடித்ததிலிருந்தே இது தேவாலயம்தான். எனினும் நடுப்பகுதியை இடித்துப் பெரிய ஆலயம் எழுப்பும் வேலை 1523 இல்தான் தொடங்கியது. அதில் வேலை செய்பவருக்கு மரண தண்டனை என்று கோர்தோபா நகரசபையே அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் சாய்ந்தார். அந்த இடிப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அதே சமயம், செவிலில் பெரிய பள்ளிவாசலை முழுவதும் இடித்து மினாராவையும் முற்றத்தையும் மட்டுமே விட்டுவைத்ததை நீ நேரிலேயே பார்க்கப் போகிறாய். இங்கே எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்னும் நிற்கின்றன.

யூசுப், இதை நேரில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது. உள்ளே தொழ அனுமதியில்லை. உம்மா மிஹ்ராபைக் கண்டதும் கைகளை ஏந்தினால், காவலர் வந்து ஏதாவது சொல்லக்கூடும். அது அவருக்கு வலிக்கும். 2006 இல் திருச்சபை இந்தக் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டதைப் பற்றி ஊரில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. எனக்கும் அதில் மனக்கசப்பு உண்டு. ஆனால் அந்தச் சண்டை உம்மாவின் தலையில் விழ வேண்டாம். முன்பே பக்குவமாகச் சொல்லி அழைத்து வா. தொழுகைக்கு, கொலோன் தோட்டத்தில் மொராபிதோ என்ற சிறிய பள்ளிவாசல் இருக்கிறது; நானே அழைத்துப் போகிறேன்.

பள்ளிவாசலில் நடந்த தீ விபத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2025 ஆகஸ்ட் 8 இரவு மன்சூர் பகுதியின் ஓரத்தில் ஒரு சிற்றாலயம் எரிந்து, அதன் கூரை விழுந்தது. புகையைக் கண்டு நகரமே கலங்கியது. தீயணைப்பு வீரர்கள் பரவவிடாமல் தடுத்துவிட்டார்கள்; மறுநாளே கதவு திறந்தது. நீ பார்க்க வேண்டியவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

மற்றவை சுருக்கமாக. இரண்டாம் நாள் மதீனத் அஸ்ஸஹ்ராவுக்குப் போவோம். மூன்றாம் அப்துர் ரஹ்மான் நகருக்கு மேற்கே எட்டு கிலோமீட்டரில் எழுப்பி, ஒரு நூற்றாண்டைக்கூட முழுதாகக் காணாமல் உள்நாட்டுப் போரில் அழிந்த அரண்மனை நகரம் அது. பத்தில் ஒரு பங்குதான் தோண்டப்பட்டிருக்கிறது. நிழல் குறைவு என்பதால் காலையிலேயே கிளம்ப வேண்டும். பழைய தெருக்களெல்லாம் கூழாங்கல் பதித்தவை. உம்மாவின் முழங்காலுக்குத் தட்டையான, பிடிமானமுள்ள காலணி கட்டாயம். வீட்டு முற்றங்களைப் பூக்களால் நிறைத்துப் பார்வைக்குத் திறந்துவிடும் மே மாத முற்றத் திருவிழாவில் வரிசையில் நிற்க அவரால் முடியாது. நீங்கள் வரும் ஏப்ரல் கடைசியே நல்லது. சான் பசிலியோ பேட்டையில் அப்போதும் சில முற்றங்களைப் பார்க்கலாம். நீண்ட கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, சுவரின் உச்சியில் தொங்கும் தொட்டிகளுக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். தன் மாடித் தோட்டத்துக்கு உம்மா அந்த உத்தியை உடனே பிடித்துக்கொள்வார். சாப்பாட்டில், தக்காளியும் ரொட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த சல்மொரேஹோவின் மேல் பன்றி இறைச்சித் துருவல் போடுவது வழக்கம். அது வேண்டாமென்று நானே சொல்லி வாங்கித் தருகிறேன். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு.

கிரனடாவில் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனைக்கான நுழைவுச் சீட்டைப் பெயரும் நேரமும் குறித்துத்தான் தருகிறார்கள், சீக்கிரமே தீர்ந்தும் விடுகிறது. அதனால் நாட்களை மாற்றுவதாக இருந்தால் இந்த வாரத்துக்குள் முடிவு செய்து எழுது. உங்கள் அறையைத் தரைத்தளத்திலேயே ஏற்பாடு செய்துவிடுகிறேன். உம்மாவுக்கு என் சலாம்.

அன்புடன்,
ரவி