ஜெனீவாவில எழுதுற விதியில எங்கட ஏ9 றோட்டும் இருக்கோணும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சாரதி இல்லாமல் தானா ஓடுற கார்களுக்கு உலகம் முழுக்க ஒரே பாதுகாப்பு விதி வரோணும் எண்டு உங்கட பேப்பரில வந்ததை வாசிச்சனான். வரத்தான் வேணும். ஆனா எந்த றோட்டை மனசில வச்சு அதை எழுதுறாங்கள் எண்டதுதான் என்ர கவலை.

ஜெனீவா எண்டால் எங்கட சனத்துக்கு மனித உரிமைப் பேரவைதான் ஞாபகம் வரும், அதே ஊரிலதான் ஐநாவின்ர வாகன விதிகளை எழுதுற உலக மன்றமும் கூடுது. 2020இல அவை 157ஆம் இலக்க விதியை நிறைவேற்றினவை, கார் தன்ர லேனுக்குள்ள தானா ஓடுறதுக்கு, முதல்ல மணிக்கு 60 கிலோமீற்றர் மட்டும், பிறகு 2022இல 130 வரைக்கும் கூட்டினவை. அதில ஒரு நிபந்தனை, ஆக்கள் நடக்கவும் சைக்கிள் ஓடவும் தடை இருக்கிற, நடுவில தடுப்புப் போட்ட றோட்டுக்குத்தான் அது. கவனமா எழுதியிருக்கினம், குறை சொல்லேல்ல. ஆனா கண்டியில இருந்து யாழ்ப்பாணம் போற எங்கட ஏ9இல, வவுனியாவில இருந்து பரந்தன் வரைக்கும் அப்பிடி ஒரு துண்டு றோட்டைக் காட்டுங்கோ பாப்பம்.

இரவில புளியங்குளம் தாண்டினால் தெரியும். தார்ச் சூட்டுக்குக் கட்டாக்காலி மாடுகள் நடு றோட்டில படுத்திருக்கும், கறுத்த மாடெண்டால் கண் மினுங்கினால்தான் மாடெண்டே தெரியும். லான்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின் இழுக்கிற பெட்டிக்குப் பின் லைற் இருக்காது, நெல்லு மூட்டைக்கு மேல இருக்கிற பெடியன் போன் லைற்றை ஆட்டிக்கொண்டு வருவான், எங்களுக்கு உடன விளங்கும், கமெராவும் கொம்பியூட்டரும் அதை என்னெண்டு எடுக்கும்? அறுவடை நேரம் பாதி றோட்டில நெல்லுக் காயும், ஓரத்துக்குக் கல்லும் வச்சிருக்கும்.

சும்மா பயத்தில சொல்லேல்ல. 2018 மார்ச்சில அமெரிக்காவில அரிசோனா மாநிலம் டெம்பே நகரத்தில, ஊபர் கொம்பனி பரீட்சிச்ச கார், இரவில சைக்கிளை உருட்டிக்கொண்டு றோட்டைக் கடந்த ஒரு பொம்பிளையை அடிச்சு அவ செத்துப்போனா. அங்கத்தைய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரிச்சது, அடிக்க 5.6 செக்கனுக்கு முதலே கார் அவவைக் கண்டுட்டுது, ஆனா வாகனம், சைக்கிள், வேற ஏதோ பொருள் எண்டு மாத்தி மாத்தி எடுத்ததால அவ எங்கால போறா எண்டு கணிக்க ஏலாமல் போச்சு. காரைக் கண்காணிக்கச் சாரதி சீற்றில இருந்தவவும் போனைப் பாத்துக்கொண்டிருந்தவ. கடவை இல்லாத இடத்தில ஆள் குறுக்க வரும் எண்டதையே அந்தக் காருக்குச் சொல்லிக் குடுக்கேல்ல! எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையள், வயலுக்குப் போறவை, சந்தைக்குப் போற அம்மாமார் எல்லாரும் அப்பிடித்தானே நாள் முழுக்கக் கடக்கினம்.

உந்தக் கார் இஞ்ச எங்க வரப்போகுது எண்டு நினைக்காதேங்கோ. எங்களுக்கு வாறது கனக்க ஜப்பானில பாவிச்ச கார், 2020இல நிப்பாட்டின இறக்குமதியும் 2025இல திரும்பத் திறந்தாச்சு. அந்த ஜப்பானில 2021இலயே ஹொண்டா லெஜன்ட், ஹைவே நெரிசலில தானா ஓடுற வசதியோட வெளியில வந்துட்டுது. நாளைக்கு அப்பிடி ஒரு காரை இஞ்ச இறக்கி ஏ9இல ஆரோ பட்டனை அமத்தினால் ஆர் பொறுப்பு, வித்தவரோ, செய்த கொம்பனியோ, ஸ்ரியரிங்கில இருந்தவரோ?

அந்த மன்றத்தில ஐநா உறுப்பு நாடு எதுவும் போயிருந்து கதைக்கலாம், இலங்கையும்தான். படுத்திருக்கிற மாடு, லைற் இல்லாத வாகனம், சைக்கிள் உருட்டுற ஆள், இதுகளை வச்சு இரவில பரீட்சிக்கோணும் எண்டு எங்கட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அங்க கேக்கோணும். அதில பாஸ் பண்ணாத கார் இஞ்ச இறங்கிறதெண்டால் அந்தத் தானா ஓடுற வசதியை வேலை செய்யாமல் நிப்பாட்டிப்போட்டுத்தான் இறக்கோணும். வன்னி எம்பிமாரும் பாராளுமன்றத்தில இதைக் கேளுங்கோ. மாடு அடிபட்டால் நட்டஈட்டுக்கே நாயா அலையிற சனம், பிள்ளை அடிபட்டால் ஜப்பானுக்கோ போய் வழக்குப் போடுறது?

இப்படிக்கு,
கனகராயன்குளத்தில இருந்து ஒரு வாசகர்