தடைக்காலத்திலேயே முகாம் வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டி, பாம்பன், கீழக்கரை கரையிலிருந்து இளைஞர்கள் வளைகுடா மீன்பிடிப் படகுகளுக்குப் போவது புதிதல்ல. டீசல் செலவு, எல்லை தாண்டியதாகக் கைது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்று காரணங்கள் எல்லோரும் அறிந்தவை. விசைப்படகுக்கு ஐந்தாறு பேர் வேண்டும். கரையில் ஆள் கிடைப்பதில்லை. வட்டிக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகின்றன.

தவறு நடப்பது விசாவில். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' (குடிபெயர்வு அனுமதி தேவை) என்றிருக்கும். அவர் சவுதி, பஹ்ரைன், குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி கட்டாயம். அதைத் தவிர்க்கவே சில முகவர்கள் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப் போனவருக்குப் பதிவான ஒப்பந்தம் இல்லை. சம்பளம் நின்றால் தூதரகத்தில் காட்ட ஒரு தாளும் இல்லை. முறையாகப் போனால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் கிடைக்கும். இதைக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை என்பதே வேதனை.

பணம் கொடுக்கும் முன் முகவரின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே, ரசீது கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

தடைக்காலத்தில் விசைப்படகு மீனவர்கள் எல்லோரும் கரையில்தான் இருக்கிறார்கள். அந்த நாட்களில் மாவட்ட நிர்வாகம் மீனவக் கிராமங்களிலேயே இவற்றைச் சொல்லித் தரும் முகாம் நடத்த வேண்டும்.

– மீனவக் கிராம வாசகர்கள், இராமநாதபுரம் மாவட்டம்