பெட்டியில் இருக்கும் மணிக்கணக்கு யாருக்கு?

கைபேசியும் பவர் பேங்க்கும் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு சார்ஜ் இரண்டு நாள் வரும் என்று பெட்டியில் போடுகிறீர்களே, அதை எப்படி அளந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

போன தைப்பூசத்துக்கு அம்மா குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தார்கள். வயது 64, சர்க்கரை வேறு. அதற்காகவே 5000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரி உள்ள புதுப் போனும் 10000 எம்ஏஎச் பவர் பேங்க்கும் வாங்கிக் கொடுத்தேன். வரவு செலவு எழுதியே வளர்ந்த ஊர் இது, 10000-ஐ 5000-ஆல் வகுத்தால் இரண்டு என்று எங்களுக்குத் தெரியாதா? முதல் நாள் ராத்திரி முழுசாக ஏறியது, மறுநாள் பாதி ஏறும்போதே பவர் பேங்க் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் நத்தம் பக்கத்தில் போனும் அணைந்தது. அம்மா படமா பார்த்தார்கள்? விடியக்காலை இருட்டில் டார்ச் அடித்தார்கள், முருகன் பாட்டுக் கேட்டார்கள். சிக்னல் குறைந்த இடத்தில் டவரை எட்டிப்பிடிக்கவே போன் கூடுதலாகச் சார்ஜைத் தின்னும், அதைப் பெட்டியில் யார் சொன்னது? ராத்திரி ஒன்பது மணிக்கு, அம்மாவோடு நடந்த ஆச்சி ஒருவரின் போனில் "சாப்பிட்டாச்சுப்பா" என்று அம்மா குரல் கேட்கும்வரை வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் பவர் பேங்க்கைத் திருப்பிப் பார்த்தேன். 10000 என்பது உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் 3.7 வோல்ட் கணக்காம். போனுக்குக் கொடுக்க 5 வோல்ட்டாக மாற்றும்போதே அது 7400 ஆகிவிடும், சூடாகிப் போகும் நஷ்டம் தனி. கைக்கு வருவது 6000 சொச்சம் என்று பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். முன்பக்கம் பெரிதாகப் பொய் சொல்லவில்லை, சரி, உண்மையை மட்டும் பூதக்கண்ணாடிக்கு விட்டுவிட்டீர்கள்.

கேட்பது ஒன்றுதான். மொபைல் டேட்டா போட்டு, வெயிலில் திரை தெரியும் வெளிச்சத்தில், சாதாரண ஆள் பயன்படுத்தினால் ஒரு சார்ஜ் எத்தனை மணி நேரம் வரும் என்று முன்பக்கம் போடுங்கள். முடியாது என்று சொல்லாதீர்கள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக வரும் போன்களுக்கு, ஒரு சார்ஜ் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று ஒரே மாதிரி அளந்து முத்திரை ஒட்டத்தான் வேண்டும். எத்தனை தடவை சார்ஜ் ஏற்றும்வரை பேட்டரி 80 சதவீதம் தாங்கும் என்பதும் அதில் உண்டு. அங்கே ஒட்டத் தெரிந்த கைக்கு இங்கே மட்டும் பசை தீர்ந்துவிட்டதா? கேமராவுக்கு எத்தனை கண் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் போடக் காசு இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கை முன்பக்கம் போடுங்கள், அவ்வளவுதான். அம்மா இந்தத் தைப்பூசத்துக்கும் நடக்கப் போகிறார்கள், அதற்குள் செய்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்