கபீஷ் கதைகளைத் தொகுத்துத் தாருங்கள்: ஒரு திறந்த மடல்

பூந்தளிர் சிறுவர் இதழில் வந்த படக்கதைகளின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், தமிழில் காமிக்ஸ் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான். கண்ணாடி அலமாரிக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு நான்கு பூந்தளிர் இதழ்கள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் அட்டையைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. என்னிடம் இருக்கிற அதே இதழ், வாலை நினைத்தபடி நீட்டுகிற கபீஷ் என்ற குரங்கின் கதை வந்த இதழ். விலை கேட்டேன். ஆயிரத்து எண்ணூறு என்றார் கடைக்காரர். "அண்ணே, உள்ளே கபீஷ் கதை இருக்கும். அதோட கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுக் கொடுத்துடறேன்" என்றேன். உறையைப் பிரித்தால் விலை போகாது என்று சொல்லி அலமாரியைப் பூட்டிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அது அவர் பிழைப்பு. ஒரு குழந்தைகள் கதையின் கடைசிப் பக்கம் பூட்டுக்குள் போகிற நிலை எப்படி வந்தது என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் பக்கம் என் பிரதியில் இல்லை. நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பா திருச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்த இதழ் அது. அந்தப் பக்கத்தின் பின்புறம் ஒரு போட்டிக்கான படம் இருந்தது. அக்கா அதை வெட்டி, வண்ணம் தீட்டி, தபாலில் அனுப்பிவிட்டாள். பிளேடு ஓடிய ஓரம் இன்றும் நேராக இருக்கிறது. அதற்கு முந்தின பக்கத்தில் வேட்டைக்காரன் குழிக்குள் பந்திலா யானை. மேலே கிளையில் கபீஷ் வாலை நீட்டத் தொடங்குகிறான். வாலின் பழுப்பு நிறம் கோட்டைத் தாண்டிப் பக்கத்து இலைமேல் வழிந்திருக்கும். அந்தக் கால அச்சு அப்படி. வால் குழிக்குள் இறங்குவதோடு என் கதை நின்றுவிட்டது. ஒரு யானையை ஒரு குரங்கு வாலால் எப்படித் தூக்கினான்? வாலைக் கயிறாகக் கட்டினானா, மரத்தைச் சாய்த்தானா, காட்டையே கூப்பிட்டானா? முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது என் மகனுக்கு எட்டு வயது. அந்த இதழை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்புறம்?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பின்னணியை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1984-இல் தொடங்கிய பூந்தளிருக்கு வாண்டுமாமா ஆசிரியர். அனந்த் பை உருவாக்கி, மோகன்தாஸ் வரைந்த கபீஷ் அதில் வந்தான். காக்கை காளி வந்தான். வேட்டைக்கார வேம்புவும் சுப்பாண்டியும் வந்தார்கள். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர்களிடம்தான் கேட்கிறேன்: கபீஷ் கதைகள் முழுவதையும், வந்த வரிசையில், தமிழில் ஒரே தொகுப்பாகக் கொண்டுவாருங்கள்.

மோகன்தாஸின் ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மரம் என்றால் பச்சை உருண்டை ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிற ஓவியர் இல்லை அவர். ஆலமரத்துக்கு விழுது இருக்கும், பாறைக்கு நிழல் இருக்கும். பிண்டு மான்குட்டி பயந்தால் அதன் காது முதலில் பயப்படும். கபீஷின் வாலோ ஒவ்வொரு கதையிலும் வேறொன்றாகும். இது ஒருமுறை படித்துவிட்டு எடைக்குப் போட வேண்டிய வேலையா? அட்டையில் பெயரைப் பெரிதாகப் போட்டுக் கெட்டி பைண்டிங்கில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை.

இப்படி ஒரு தொகுப்பு நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் கார்ல் பார்க்ஸ் என்பவர் 1942 முதல் 1966 வரை டொனால்ட் டக், அங்கிள் ஸ்க்ரூஜ் வாத்துக் கதைகளை வரைந்தார். இதழ்களில் அவர் பெயரே வராது. ரசிகர்கள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றுதான் அடையாளம் சொன்னார்கள். அந்த ரசிகர்களே தேடித் துருவிப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். பிறகு 1980-களில் அவர் கதைகளை 30 தொகுதிகளாக, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், அச்சிட்டார்கள். 2011-இலிருந்து இன்னொரு பதிப்பகம் அதே கதைகளை வண்ணத்தில் வரிசையாகக் கொண்டுவந்தது. அவையும் செய்தித்தாள் தரத்துக் காகிதத்தில் வந்து, குழந்தைகள் கையில் கிழிந்துபோன கதைகள்தான். அந்த வாத்துகளுக்குக் கிடைத்த மரியாதை நம் குரங்குக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

வாங்க ஆள் இல்லை என்று சொல்வீர்கள். லயன், முத்து காமிக்ஸ் வாசகர்களைக் கேளுங்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி இன்றும் மறுபதிப்பாக வருகிறான், வாங்குகிறோம். சந்தா கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கப் பழகிய கூட்டம் நாங்கள். கபீஷ் தொகுப்புக்கு முன்பதிவு என்று ஒரு அறிவிப்பு போட்டுப் பாருங்கள். இத்தனை பேர் பணம் கட்டினால்தான் அச்சு என்று நிபந்தனை வையுங்கள், ஒத்துக்கொள்கிறோம். தாமதம் எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. பதிலே வராமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நான் எழுதிப் பார்த்தேன். ஒரு இடத்திலிருந்து, உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டேன், பதிலே இல்லை. புத்தகக் கண்காட்சியில் ஒரு ஸ்டாலில் கேட்டபோது, "ஆங்கிலத்தில் இருக்கிறது, பையனுக்கு அதையே வாங்கிக் கொடுங்களேன்" என்று சுப்பாண்டி தொகுப்பை நீட்டினார்கள். அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனது ஆறவில்லை. சுப்பாண்டிக் கதைகளை டிங்கிள் என்ற ஆங்கிலச் சிறுவர் இதழுக்கு முதலில் எழுதி அனுப்பியவர் திருச்சிக்கார வாசகர். எங்கள் ஊரிலிருந்து கிளம்பிய கதையை எங்கள் ஊர்ப் பிள்ளை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

இது பூந்தளிரோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. தமிழில் குழந்தைகளுக்காக வந்த இதழ் எதை எடுத்தாலும் இதே கதைதான். பெரியவர்கள் தங்கள் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். குழந்தைகள் புத்தகம் அடுப்பு பற்றவைக்கப் போனது, பொட்டலம் மடிக்கப் போனது. மேடையில் பேசுகிறபோது மட்டும், பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லை என்று எல்லாரும் கவலைப்படுகிறோம். எட்டு வயதுப் பையன் தானாக எடுத்துப் படிக்கிற மாதிரி எதை அச்சில் வைத்திருக்கிறோம்? என் மகன் அந்த ஒரு கிழிந்த இதழை நாலு நாள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். எழுத்துக் கூட்டி, தானாகவே படித்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தக் குரங்கு சொல்லிக் கொடுத்தது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதிப்பாளர்களே, அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மூலப் படங்கள் கிடைக்காவிட்டால் எங்களிடம் கேளுங்கள். பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிற வாசகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கப் பிரித்துத் தரவும் தயங்கமாட்டார்கள். வண்ணம் செலவு என்றால் கறுப்பு வெள்ளை போதும். தயவுசெய்து வசனங்களைப் புதிதாக மொழிபெயர்க்க வேண்டாம். வாண்டுமாமா ஆசிரியராக இருந்தபோது அச்சான தமிழ் அப்படியே வேண்டும். படத்தைச் சின்னதாக்கி ஒரு பக்கத்தில் இரண்டு பக்கத்தைத் திணிக்காதீர்கள். என் வயதுக் கண்களுக்கும் என் மகன் வயதுக் கண்களுக்கும் அது ஆகாது.

வாண்டுமாமா 2014-இல் போய்விட்டார். அனந்த் பை அதற்கு முன்பே, 2011-இல் போனார். இந்தத் தொகுப்பை அவர்கள் கையில் கொடுக்கிற வாய்ப்பு நமக்குப் போயே போய்விட்டது. அந்த இதழ்களின் காகிதம் இப்போதே திருப்பும்போது ஓரத்தில் பொடிகிறது. என் பிரதியை நான் வெறும் கையால் தொடுவதை நிறுத்திவிட்டேன். இன்னும் பத்து வருஷம் கழித்து ஸ்கேன் எடுக்கலாம் என்று நினைத்தால் எடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: கபீஷ் கதைகள் முழுவதும், வரிசையாக, தமிழில், ஒரே தொகுப்பாக. முதல் பாகமாவது அடுத்த ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வந்தால் நான் முதல் நாளே மகனைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவன் எந்தப் பக்கத்தை முதலில் திருப்புவான் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

ஒரு பூந்தளிர் வாசகன்
திருச்சி